இடத்தின் பெயர்: அம்மிமடு

நவம்பர் 30, சனி

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த நோட்டு நீர்நாய்க் கணக்கெடுப்புக்காகக் கொடுக்கப்பட்டது. முன்பக்கத்து அட்டவணையை நிரப்புவதைத் தவிர வேறு எதையும் இதில் எழுதக் கூடாது. நான் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பிப்ரவரி கடைசியில் திருப்பிக் கொடுக்கும்போது இந்தப் பக்கங்களைக் கிழித்துவிடுவேன். வீட்டில் வேறு தாள் இல்லை என்று எழுதலாமா என்று யோசித்தேன். இருக்கிறது. ஆனால் அட்டையில் என் பெயரை அச்சடித்துக் கொடுத்த நோட்டு இதற்கு முன் எனக்கு இருந்ததில்லை. அ. மோகனப்பிரியா, பி.எஸ்சி., விலங்கியல்.

இன்று நான் படித்த கல்லூரியில் பயிற்சி. பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். நடத்தியவர் ஆக்னஸ் அக்கா, திருச்சியிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர். காவிரியில் நீர்நாய்கள் எங்கே, எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று யாருக்கும் சரியாகத் தெரியாதாம். நாலைந்து விஞ்ஞானிகளால் ஆறு முழுக்க நடக்க முடியாது, கரையில் குடியிருப்பவர்கள் பார்த்துச் சொன்னால்தான் உண்டு என்றார்.

வேலை இவ்வளவுதான். சனிக்கிழமை தோறும் காலையில் ஒரே கரையில் ஒரே அரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். பாறைகளிலும் மணலிலும் நீர்நாயின் எச்சம் கிடக்கும். மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்திருக்கும். கறுப்பாக ஈரமாக இருந்தால் புதியது, வெளுத்து உதிர்ந்தால் பழையது. தொடாமல், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, எண்ணி, செயலியில் ஏற்ற வேண்டும்.

"ஒண்ணுமே இல்லைன்னா சைபர் போடுங்க. சைபரும் தகவல்தான். சைபர் போடக் கூச்சப்படாதீங்க" என்றார் அக்கா.

கூச்சப்படாதீங்க என்று சொல்லும்போது என்னைப் பார்த்ததுபோல் இருந்தது. எல்லோரையும்தான் பார்த்திருப்பார். பிறகு உண்மையிலேயே என்னிடம் வந்து, "உங்க ஊர்ல நீர்நாய் இருக்காப்பா?" என்று கேட்டார். எங்கள் அப்பாவின் வலையை மாதம் இரண்டு தடவை கிழிப்பதே அதுதான், கிழிந்த கண்ணிகளை முடிச்சுப் போடுவது நான்தான் என்று சொல்ல நினைத்தேன். "இருக்குங்க" என்றேன். அவர் காதில் விழவில்லை. மறுபடி கேட்டார். தலையாட்டினேன்.

டிசம்பர் 7, சனி

முதல் நடை. பழைய எச்சம் நான்கு, புதியது ஒன்று. கால்தடம் இல்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா ரோட்டோரக் கடைக்கு மீன் கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"எங்கடி போயிட்டு வர்ற, வெடியறதுக்குள்ள?"

சொன்னேன். அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டது. "நம்ம சனத்துல மொதமொதலா பட்டம் வாங்குனது எம் பொண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். அது ஆத்தோரம் நாய்ப் பீ எண்ணிட்டு வருது. ஏனுங்க, கேட்டீங்களா?"

அப்பா பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு, "எத்தன கண்ணு இருந்துச்சு?" என்றார்.

"அஞ்சுப்பா."

"அஞ்சுதானா?" என்று மட்டும் கேட்டார். பிறகு சிரித்தமாதிரி இருந்தது.

டிசம்பர் 10, செவ்வாய்

வலை முடைந்தேன். கெண்டை வலை, இரண்டு முழத்துக்கு ஓட்டை. நீர்நாய் கிழித்த இடம் தனியாகத் தெரியும். மீனின் தலை மட்டும் கண்ணியில் மாட்டிக்கொண்டிருக்கும், உடம்பு இருக்காது. ஒன்பது தலைகள். எண்ணுவது பழகிவிட்டது. ரேஷன் கடையில் சர்க்கரை வரவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

இன்று ஒரு நீர்நாய் வளை தெரியவந்தது. காட்டியவர் யார் என்று எழுதப்போவதில்லை.

எங்கள் கரைக்கு நேரெதிரே ஆற்றின் நடுவில் ஒரு திட்டு இருக்கிறது. திட்டின் மேல் முனையில் பழைய மருதமரம். அதன் வேர்கள் தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் ஒரு மீன் கூடை நுழையும் அளவுக்கு இருட்டு. பரிசல் அதன் பக்கத்தில் போனதும் துடுப்பை நிறுத்திவிட்டு, காட்டியவர் தாடையால் காட்டினார். வேர்மேல் எச்சம் குவிந்திருந்தது. இத்தனை நாள் நான் கரையில் எண்ணியதெல்லாம் போகிற வழியில் போட்டது.

"எத்தன வருசமா இருக்குது?" என்று கேட்டேன்.

"நாலு வருசமா."

"வலையைக் கிழிக்குதே, ஏன் விட்டு வச்சிருக்கீங்க?"

"மீனு இல்லாத எடத்துல அது படுக்காது. அது படுத்திருக்கற வரைக்கும் மடுவுல மீனு இருக்குதுன்னு அர்த்தம். வருசத்துக்கு ரெண்டு வலை போனாப் போவுது." துடுப்பைத் தண்ணீரில் போட்டுவிட்டு, "யாருகிட்டயும் சொல்லாத சாமி" என்றார்.

சொல்ல மாட்டேன் என்றேன்.

டிசம்பர் 21, சனி

இன்று வளையைச் செயலியில் ஏற்றினேன். கரையிலிருந்தே போனில் பெரிதாக்கிப் படம் எடுத்தேன். புது எச்சம் பதினொன்று. காட்டியவருக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. ஆக்னஸ் அக்கா பயிற்சியில் சொன்னதும் நினைவில் இருந்தது: வேட்டைக்காரர்கள் கண்ணில் படாமல் இருக்க, வரைபடத்தில் சரியான புள்ளியைச் செயலியே மறைத்துவிடும், பெரிய வட்டமாகத்தான் காட்டும். ஏற்றியதும் பார்த்தேன். உண்மைதான். அந்த வட்டத்துக்குள் மூன்று தாலுகா அடங்கிவிடும். நிம்மதியாக இருந்தது.

"இடத்தின் பெயர்" என்று ஒரு கட்டம், சிவப்பு நட்சத்திரத்தோடு. மற்றவர்கள் என்ன போடுகிறார்களோ தெரியாது. நான் எங்கள் தெருவுக்கே விண்ணப்பம் நிரப்பித் தருபவள். நட்சத்திரம் போட்ட கட்டத்தை வெறுமையாக விட்டால் திரும்பி வரும் என்று மற்றவர்களுக்குச் சொல்லித் தருபவள். ஊர் பெயர் அதற்கு மேலேயே வேறு கட்டத்தில் இருந்தது. அதனால் இதில் அம்மிமடு என்று போட்டேன்.

இங்கே ஆறு எங்களுக்கு ஒரே ஆறு இல்லை. ஆழமான ஒவ்வொரு இடமும் ஒரு மடு, ஒவ்வொரு மடுவுக்கும் ஒரு பெயர். ஒரு குடும்பத்து மடுவில் இன்னொரு குடும்பம் வலை போடாது. தண்ணீர் வற்றினால் அம்மிக்கல் மாதிரி ஒரு பாறை தெரியும், அதனால் எங்களுடையது அம்மிமடு. இந்தப் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. தேடிப் பார்த்தேன். எங்கள் நாற்பது வீட்டைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாத பெயர். அதை முதன்முதலாக எழுதியவள் நான்தான் என்று ஒரு சின்னப் பெருமைகூட வந்தது.

சாயங்காலமே அக்கா சரிபார்த்துப் பச்சைக் குறி போட்டுவிட்டார். "அருமையான பதிவு மோகனா!" என்று தனியாகவும் அனுப்பியிருந்தார். என்ன பதில் எழுதுவது என்று ஒரு மணி நேரம் யோசித்து, கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினேன்.

டிசம்பர் 28, சனி

குட்டிகள்! மூன்று!

காலை ஆறரைக்குப் பெரியது இரண்டு வேர்மேல் ஏறிப் புரண்டன. பின்னாலேயே மூன்று, நனைந்த பூனைக்குட்டி மாதிரி. ஒன்று தண்ணீரைப் பார்த்துப் பயந்து திரும்ப, பெரியது கழுத்தைக் கவ்வி இழுத்துத் தண்ணீரில் போட்டது. அது கத்திய கத்தல் கரைவரை கேட்டது. நாலு படத்தில் மூன்று மங்கல். நல்லதை ஏற்றிவிட்டேன். பெரியது 2, குட்டி 3, வானம் தெளிவு, காற்று இல்லை.

அப்பாவிடம் சொல்ல ஓடிவந்தேன். அவர் வாசலில் வலையை விசிறிப் போட்டுவிட்டு நின்றிருந்தார். நடுவில் ஒரு கதவு அளவுக்குக் கிழிந்திருந்தது. "புது வலை" என்று அம்மா மெதுவாகச் சொன்னது. சொல்வதற்கு ஏற்ற நாள் இல்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி 3, வெள்ளி

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டியூஷன். தேர்வாணைய விண்ணப்பத்தில் புகைப்படம் ஏறவில்லை, அளவு பெரிது என்கிறது. குட்டிகளின் பதிவு இன்னும் சரிபார்ப்பில் இருக்கிறது. அக்கா ஊரில் இல்லை போல. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. புது வலை முடைந்து முடியட்டும்.

ஜனவரி 6, திங்கள்

தனபால் மாமா வந்தார். மீனவர் சங்கச் செயலாளர், அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். வந்தால் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு, போனை எடுத்தார்.

"பாப்பா, நீ பெரிய ஆளாயிட்ட. உம் பேரு நெட்டுல வருது. எம் மருமகன் அனுப்புனாரு. கேளுங்க மச்சான், படிக்கறேன். பதிவு செய்தவர் அ. மோகனப்பிரியா. விலங்கு நீர்நாய். வளை ஒன்று. புதிய எச்சம் பதினொன்று." தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "பதினொண்ணுன்னு எண்ணிப்போட்டுது பாருங்க, எங்க மருமக! நாம இத்தன வருசம் ஆத்துல கெடந்து ஒரு நாளாச்சும் எண்ணிருப்பமா?"

அம்மாவும் சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"இடத்தின் பெயர்" என்று படித்துவிட்டு ஒரு வாய் டீ குடித்தார். "அம்மிமடு."

அப்பா வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நாலு வருசமாத் தேடறோம் மச்சான். வீட்டுக்கு வீடு வலை போச்சு. எங்க படுக்குதுன்னு தெரியாம மேக்கயும் கெழக்கயும் அலைஞ்சோம். நீங்களுந்தான் கூட வந்து தேடுனீங்க."

"புள்ள படிப்புக்கு எழுதுனது மாப்ள."

"படிக்கட்டும். நான் என்ன சொன்னேன்? நம்ம வழக்கந்தான் உங்களுக்குத் தெரியுமே. யாரு மடுவோ அவங்க பொறுப்பு. அவங்க கையாலயே முடிக்கணும். இல்லேன்னா மடு கை மாறிரும். நானாச் சொல்லல, ஞாயித்துக்கெழம சங்கத்துல நாலு பேரு கேப்பாங்கல்ல?" எழுந்தார். "தங்கச்சி, டீ அருமை."

அவர் வண்டிச் சத்தம் தேய்ந்தது. எனக்கு இப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது. சங்கக் கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை.

"யாருகிட்டயும் சொல்லாதன்னனே, சாமி" என்றார் அப்பா.

"சொல்லலப்பா."

பார்த்தார்.

"எழுதுனேன்."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் நிஜமாகவே யோசிப்பதுபோல் இருந்தது. கடைசியில், "எழுதுனா யாரு படிக்கப்போறாங்கன்னு நானுந்தான் நெனச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு முடிச்சைப் பல்லால் இழுத்தார்.

காட்டியவர் யார் என்று எழுதப்போவதில்லை என்று எழுதியிருந்தேன். எழுதிவிட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய்

பெயரை மாற்றப் பார்த்தேன். "சரிபார்க்கப்பட்ட பதிவை மாற்ற இயலாது. ஒருங்கிணைப்பாளரைத் தொடர்புகொள்ளவும்" என்று வருகிறது. அக்கா நம்பரை அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் கட் செய்துவிட்டேன். என்ன சொல்ல? எங்கள் அப்பாவைத் தடுங்கள் என்றா?

அப்பா அப்படிச் செய்யமாட்டார். நாலு வருடம் விட்டு வைத்தவர்.

ஜனவரி 8, புதன்

கடப்பாரை வைத்த இடத்தில் இல்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியிருப்பார்கள்.

ஜனவரி 9, வியாழன்

அப்பா மதியம் வந்தார். மீன் இல்லை. இரண்டு முன்கையிலும் முள் கீறல், முழங்கைவரை. அடுப்புக்குக் கருவேல முள் வெட்டியிருப்பார். சட்டையில் புகை வாசம் அதனால்தான். அம்மா ஒன்றும் கேட்காமல் மஞ்சளை அரைத்துப் போட்டது. கடப்பாரை பழையபடி மூலையில் இருக்கிறது, கழுவி.

முள்ளுக் கட்டு எதுவும் வீட்டுக்கு வரவில்லை.

ஜனவரி 11, சனி

நடை. புதியது 0. பழையது 3. எதுவும் காணவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அப்பா கோவிலுக்கு வரவில்லை.

ஜனவரி 18, சனி

0. இன்று எட்டு மணிவரை கரையில் உட்கார்ந்திருந்தேன். மருதவேரில் ஒரு கொக்கு.

குட்டிகளின் பதிவை அக்கா இன்றைக்குத்தான் சரிபார்த்திருக்கிறார். பச்சைக் குறி. "குட்டிகள்! இந்தப் பகுதியில் இதுவே முதல் பதிவு. வாழ்த்துகள்!" என்று எல்லோரும் இருக்கும் குழுவில் போட்டிருந்தார். பத்துப் பேர் கைதட்டினார்கள்.

ஜனவரி 25, சனி

0.

அக்கா கேட்டிருந்தார்: "மூணு வாரமா சைபர். நீங்க நடக்கற நேரம் மாறிடுச்சா?" இல்லை என்று அனுப்பினேன். சைபர் போடக் கூச்சப்படக் கூடாது என்று சொன்னது அவர்தான். கூச்சமாக இல்லை. வேறு என்னவோ.

ஜனவரி 31, வெள்ளி

மேட்டூரில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். ஆறு ஒரே நாளில் முழங்கால் அளவு இறங்கிவிட்டது. அம்மிப் பாறை தெரிகிறது.

வளையும் தெரிகிறது. இருட்டாக இருந்த இடம் இப்போது சாம்பல் நிறம். கல். கல்லுக்கு நடுவே காய்ந்த முள். நன்றாக அடுக்கியிருக்கிறது. எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரும் அப்படித்தான் அடுக்கியது, பெரிய கல் கீழே, சந்துக்குச் சந்து சின்னக் கல்.

படம் எடுத்தேன். அழித்தேன். மறுபடி எடுத்தேன். அழித்தேன்.

பிப்ரவரி 1, சனி

0. "வாழிட மாற்றம் ஏதேனும் கண்டீர்களா?" என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆம், இல்லை, தெரியவில்லை. "தெரியவில்லை" என்பதைத் தொட்டேன். நான் அதில் ஏற்றிய முதல் பொய். இதற்கும் பச்சைக் குறி வரும்.

அப்பாவிடம் பேசி மூன்று வாரம் ஆகிறது. அவரும் பேசவில்லை. சோறு போடும்போது தட்டை நகர்த்துவார், போதும் என்று அர்த்தம். நான் நிறுத்துவேன். சங்கத்தில் மடு எங்களுக்கே என்று முடிவாகிவிட்டதாம். அம்மா சொன்னது.

பிப்ரவரி 5, புதன்

அக்கா குரல்பதிவு அனுப்பியிருந்தார். ஐந்து தடவை கேட்டேன். "மோகனா, குட்டியோட இருந்த குடும்பம் திடீர்னு காணாமப் போறது எனக்குச் சரியாப்படல. பதினஞ்சாம் தேதி சனிக்கிழமை நேர்ல வர்றேன். வனத்துறை ரேஞ்சர்கிட்ட பேசிட்டேன், அவங்க ஜீப்லயே வந்துருவோம். யாராவது ஏதாவது பண்ணியிருந்தா கேஸ் போடணும். நீ பயப்படாத, என்ன?"

என்ன என்று முடித்தது என்னைக் கேட்பதுபோலவே இருந்தது. பதில் அனுப்பவில்லை.

பாடப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பத்து மதிப்பெண் கேள்வி. நான் அதில் ஒன்பது வாங்கியிருக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அம்மா கடைக்குப் போயிருந்தது. அப்பா வலை முடைந்துகொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து இன்னொரு முனையை எடுத்துக்கொண்டேன். பாதி வரிசை ஆனபிறகு போனை எடுத்து அக்காவின் குரல்பதிவைப் போட்டேன். அவர் முழுசும் கேட்டார்.

"ரேஞ்சருன்னா காக்கி டிரஸ்ஸா?"

"ஆமாப்பா."

"எத்தன வருசம் போடுவாங்க?" பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். தெரியலப்பா என்றேன்.

அவர் இரண்டு முடிச்சுப் போட்டார். பிறகு அவராகவே சொன்னார். "மொதல்ல பொகை போட்டேன். வைக்கோலும் வேப்பந்தழையும் வச்சு ஊதி உட்டேன். அது தண்ணிப் பக்கமா ஓடிரட்டும்னுதான். ரெண்டு பெருசும் குதிச்சுப் போனதக் கண்ணால பாத்தேன். அதுக்கப்பறம் அது தெக்கயும் வடக்கயுமா நீந்திட்டுக் கத்திட்டே இருந்துச்சு. எடம் போச்சேன்னு கத்துதுன்னு நெனச்சேன். அப்பறந்தான் கல்லு வச்சேன். உள்ள ஒண்ணும் இல்லேன்னுதான் சாமி வச்சேன்."

"குட்டி இருந்துச்சுப்பா. மூணு."

அவர் கை நின்றுவிட்டது.

"நீ சொல்லலியே, சாமி."

நான் சொல்லவில்லை. படம் எடுத்தேன். நேரம் போட்டேன். வானம் தெளிவு என்று போட்டேன். காற்று இல்லை என்றுகூடப் போட்டேன். ஒரே ஒரு நாள் பார்த்த பத்துப் பேர் கைதட்டினார்கள். இந்த வீட்டுக்குள் இருந்த ஒரு ஆளிடம் சொல்லவில்லை. புது வலை கிழிந்த நாள் என்று தள்ளிப்போட்டேன். பிறகு மறந்தே போனேன்.

"தெரிஞ்சிருந்தா" என்று ஆரம்பித்தார் அப்பா. முடிக்கவில்லை. தெரிந்திருந்தாலும் மடு போயிருக்கும். அவருக்கும் அது தெரியும்.

பிப்ரவரி 10, திங்கள்

விடியும் நேரத்தில் என்னை எழுப்பினார். பரிசலில் போனோம்.

கல்லை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் போட்டார். பதினேழு. முள்ளைப் பிடித்து இழுத்தார். கையில் ஆறியிருந்த கோடுகளின் மேலேயே மறுபடி கீறியது. நான் துணி எடுத்துக்கொண்டு வந்திருந்தேன், கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு சேற்றில் குப்புறப் படுத்து, கையைத் தோள்வரை உள்ளே விட்டார். கன்னம் வேரில் அழுந்தியிருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே துழாவினார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"வளைஞ்சு போவுது. எட்டல."

போன் வெளிச்சத்தை அடித்தேன். சருகு, செதில்கள், ஒரு கெளுத்தி முள். பிறகு வளைவு. அதற்கப்பால் வெளிச்சம் போகவில்லை. நாற்றம் இல்லை. நாற்றம் இல்லாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். அப்பா கல் வைத்து ஒரு மாதம் ஆகிவிட்டது.

"உள்ள வேற வழி இருக்கும்" என்றார் அப்பா. "பெருசு வந்து எடுத்துட்டுப் போயிருக்கும். இல்ல கண்ணு?"

இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னிடம் ஆற்றைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. எனக்குத் தெரியவில்லை. விலங்கியல் படித்தவள்தான், எனக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது தனபால் மாமா எதிர்ப் பரிசலில் வந்தார். "என்ன மச்சான், காலங்காத்தால அப்பனும் மகளும்?" என்று கையைத் தூக்கினார். அப்பா துடுப்பை நிறுத்தாமல், "மடு எனுது மாப்ள" என்றார். சிரிப்பு இல்லாமல் ஒருவருக்கொருவர் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 12, புதன்

ஆக்னஸ் அக்காவுக்கு.

இந்தப் பக்கங்களைக் கிழிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் படம் எடுத்து இன்றைக்கே உங்களுக்கு அனுப்பப்போகிறேன். நவம்பர் முப்பதிலிருந்து வரிசையாகப் படியுங்கள். அனுப்பிய பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள் என்று இந்தத் தடவை நான் நினைக்கவில்லை.

காலையில் அப்பா வலை எடுத்துவிட்டு வந்தபோது இடுப்பு வேட்டியிலிருந்து ஒரு வாழை இலைப் பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். எச்சம். தொடக் கூடாது என்று நீங்கள் சொன்னதை அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. அக்கரைப் பாறையில் இரண்டு இடத்தில் கிடந்ததாம். பெரியது ஒன்று, அதை அங்கேயே விட்டுவிட்டார். சின்னது இது. அதனால்தான் எடுத்து வந்ததாகச் சொன்னார். ஸ்கேல் வைத்தேன். இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. குட்டி போட்டதா, பெரியது கொஞ்சமாகப் போட்டதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. செதில் மட்டும் ஈரமாக இருந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போனது. நான் "தெரியலப்பா, அக்காதான் சொல்லணும்" என்றேன். "அந்தப் புள்ள எப்ப வருது?" என்றார். சனிக்கிழமை என்றேன். அவருக்கே தெரியும்.

அக்கரையின் பெயரை நான் எங்கும் எழுதவில்லை. அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது. அம்மிமடுவின் பெயரைப் பதிவிலிருந்து எடுத்துவிடுங்கள். மற்ற பதினொரு பேரிடமும் கேட்டுப் பாருங்கள், அவர்களும் அவரவர் ஊரில் மட்டும் தெரிந்த பெயரை எழுதியிருக்கலாம். உங்களுக்கு அது வெறும் பெயராகத்தான் தெரியும். பிப்ரவரி முதல் தேதி நான் "தெரியவில்லை" என்று போட்டதை "ஆம்" என்று திருத்திவிடுங்கள். என்னைக் குழுவிலிருந்து நீக்குவதானால் நீக்கிவிடுங்கள். சனிக்கிழமை நடையை நிறுத்த மாட்டேன்.

இதையெல்லாம் கேட்பது சுலபமாக இருக்கிறது. கேட்க வேண்டியதை இன்னும் கேட்கவில்லை.

அப்பா எதையும் மறைக்கப்போவதில்லை. கல் வைத்த இடம், புகை போட்ட இடம், அக்கரைப் பாறை எல்லாவற்றையும் தானே காட்டுகிறேன் என்கிறார். அதற்குப் பிறகு ரேஞ்சரிடம் சொல்ல வேண்டுமானால் அவரே வந்து சொல்லுவார். ஆனால் காக்கிச் சட்டையைப் பார்த்தால் அவருக்குப் பேச்சு வராது. எங்கள் கரையில் ஜீப் நின்றால் நாற்பது வீடும் வெளியே வந்துவிடும். அக்கரையில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். எனக்கு யார் முன்னாலும் பேச்சு வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை முதலில் நீங்கள் மட்டும் வாருங்கள் அக்கா. ஜீப்பில் வேண்டாம், பஸ்ஸில் வாருங்கள். வாழைத்தோப்பு நிறுத்தத்தில் இறங்கி வாய்க்கால் ஓரமாக நடந்தால் ஆறு வந்துவிடும். அப்பா பரிசலோடு நிற்பார். அவர் பரிசலில் ஏறுங்கள்.